பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலவாசிகள் கவனத்திற்கு

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் விவசாயப் பெருங்குடி மக்களே! கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் பட்டியலில் இடம் கிடைத்த சில ஒன்றியங்களின் பாக்கியசாலிகளே! நீங்கள் எல்லோரும் 2020 பிப்ரவரி முதல் பாதுகாக்கப்பட்டு வருகிறீர்கள். இது உங்களுக்கு இன்னும் தெரியவில்லை என்றால் அது சட்டத்தின் குற்றமில்லை. சட்டம் அரசிதழில்தான் வெளியாகும். உங்கள் வாய்க்கால் கரையில் வெளியாகாது.

சட்டத்தின் முழுப்பெயர் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம். அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அதை அறிவித்தது 2020 பிப்ரவரி 9 அன்று, சேலம் மாவட்டம் தலைவாசலில், கால்நடை ஆராய்ச்சி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டிய மேடையில். டெல்டாவுக்கான நற்செய்தியை டெல்டாவில் சொல்லக்கூடாதா என்று கேட்பது அற்பத்தனம். மாடும் நெல்லும் ஒரே வீட்டுச் சொத்துதானே! பிப்ரவரி 20 அன்று சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. பதினோரு நாளில் நாற்றங்காலில் தெளித்த விதை இரண்டு இலை விட்டிருக்கும், அவ்வளவுதான். கோட்டையில் விதைத்ததோ அதற்குள் கதிர் முற்றி அறுவடைக்கே வந்துவிட்டது. உங்களைக் கேட்டார்களா என்ற கேள்வி வேண்டாம். நாற்றைக் கேட்டுக்கொண்டா நடவு நடுகிறோம்?

என்னென்ன தடை செய்யப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் நெஞ்சம் நிறைந்துவிடும். துத்தநாக உருக்காலை கூடாது. தாமிர உருக்காலை கூடாது. அலுமினிய உருக்காலை கூடாது. இரும்புத்தாது ஆலை கூடாது. தோல் பதனிடக்கூடாது. விலங்கு எலும்பு, கொம்பு, குளம்பு பதப்படுத்தும் ஆலை கூடாது. ஒரத்தநாட்டில் துத்தநாகம் உருக்கவும், மன்னார்குடியில் அலுமினியம் காய்ச்சவும் எத்தனை பேர் தாலுகா ஆபீஸ் வாசலில் வரிசையில் நின்றார்கள் என்பதை அரசு பெருந்தன்மையோடு மறைத்துவிட்டது. வராத திருடனைப் பிடித்துக் கட்டிப்போட்டதில் ஒரு வசதி, அவன் திமிற மாட்டான்.

வந்த திருடனுக்கும் பட்டியலில் ஒரு வரி உண்டு. எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் எரிவாயு, இன்னபிற ஹைட்ரோகார்பன்கள் தேடுவதற்கும் துளைப்பதற்கும் எடுப்பதற்கும் தடை. இந்த ஒரு வரிதான் சட்டத்தின் உயிர். அதை யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை, வாங்கினார்கள். வாங்கிய விதத்தைச் சொல்லாமல் போனால் சட்டம் ஏதோ தலைவாசல் மேடையில் தானாக முளைத்தது போலாகிவிடும்.

2010-ல் ஒன்றிய அரசு மன்னார்குடி வட்டாரத்தில் 691 சதுர கிலோமீட்டரை கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்துக்கு மீத்தேன் எடுக்க ஒதுக்கியது. 2011 ஜனவரியில் மாநில அரசும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. அப்போது ஆட்சியில் தி.மு.க. நிலக்கரிப் படுகையில் அடைந்து கிடக்கும் வாயு வெளியே வர வேண்டுமானால், அதை அழுத்திக்கொண்டிருக்கும் நிலத்தடி நீரை இறைத்து வெளியே கொட்டியாக வேண்டும். பம்புசெட்டில் தண்ணீர் விழவில்லையே என்று வானத்தைப் பார்க்கிற ஊரில், தண்ணீரை இறைத்துக் கொட்டுவதற்கென்றே ஒரு திட்டம்! ஊர் ஊராகப் போய் இதைச் சொல்லிக்கொண்டிருந்த இயற்கை வேளாண் போராளி நம்மாழ்வார், 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில், அந்தப் பிரசாரத்தின் நடுவிலேயே உயிரை விட்டார். 2015 அக்டோபரில் ஜெயலலிதா அரசு மீத்தேன் திட்டத்தைத் தடை செய்தது.

ஒழிந்தது என்று நினைத்தால், 2017 பிப்ரவரியில் ஹைட்ரோகார்பன் என்ற வேறு பெயரில் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலுக்கு வந்தது. ஊரே பந்தலில் உட்கார்ந்தது. அதே ஆண்டு ஜூன் 30 அன்று தஞ்சை மாவட்டத்துக் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் வெடித்து வயலில் கச்சா எண்ணெய் ஓடியது. கலெக்டர் வந்து பார்க்க வேண்டும் என்றார்கள் ஜனங்கள். வந்தது போலீஸ். தடியடி நடந்தது; மீத்தேன் திட்ட எதிர்ப்புக் கூட்டமைப்பின் பேராசிரியர் த. ஜெயராமன் உள்ளிட்டவர்கள் சிறைக்குப் போனார்கள். இந்தப் போராட்டங்களை ஆதரித்துச் சேலத்தில் துண்டறிக்கை கொடுத்த ஒரு கல்லூரி மாணவி மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. பிறகு உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வயலில் எண்ணெய் ஊற்றியது விபத்து. கையில் காகிதம் வைத்திருந்தது குற்றம். இந்த நீதியை வழங்கிய அதே ஆட்சிதான் மூன்றே வருடத்தில் பாதுகாவலர் வேடம் கட்டி வந்தது. கதிராமங்கலத்துக்காரர்கள் மாலை வாங்கக் காசு சேர்த்தார்களா என்று தெரியவில்லை.

சரி, பழங்கதை போகட்டும். சட்டம் வந்துவிட்டது, குழாய் இனி வெடிக்காதல்லவா? இங்கேதான் சட்டம் எழுதிய கையின் நயத்தை ரசிக்க வேண்டும். ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் திட்டங்களை இந்தச் சட்டம் தொடாது. துறைமுகம், குழாய்வழி, சாலை, தொலைத்தொடர்பு, மின்சாரம், குடிநீர் போன்ற உள்கட்டமைப்புத் திட்டங்களையும் தொடாது. குழாய்வழி! கதிராமங்கலத்தில் வெடித்தது எதுவோ அதுவே விலக்குப் பட்டியலில் கௌரவமாக உட்கார்ந்திருக்கிறது. புதிதாகத் துளை போடக்கூடாது. பழைய துளை அப்படியே இருக்கலாம். எடுக்கக்கூடாது, எடுத்ததை உங்கள் வயலுக்கு அடியில் கொண்டுபோகலாம்.

சுத்திகரிக்கவும் செய்யலாம். எண்ணெய் எடுப்பதுதான் பட்டியலில் இருக்கிறது, சுத்திகரிப்பது இல்லை. 2021 பிப்ரவரி 17 அன்று, சட்டம் நிறைவேறிய முதலாண்டு நிறைவுக்கு மூன்றே நாள் இருக்கும்போது, பிரதமர் மோடி நாகப்பட்டினத்துக் காவிரிப் படுகை சுத்திகரிப்பு ஆலைக்கு அடிக்கல் நாட்டினார். ஆண்டுக்கு 90 லட்சம் டன் கொள்ளளவு. மதிப்பு 31,000 கோடி ரூபாய்க்கு மேல். பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தின் முதலாம் பிறந்தநாளுக்கு வந்த பரிசு இது. வேளாண்மை என்றால் நெல் மட்டும்தானா, நாப்தாவும் ஒரு மகசூல்தான் என்று யாராவது விளக்கம் சொல்லியிருந்தால் நாமும் தெளிவடைந்திருப்போம்.

பட்டியலில் இல்லாத இன்னும் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, இறால் பண்ணை. காந்தியர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று, விவசாய நிலத்தை இறால் குட்டையாக்கக்கூடாது என்றும், கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் கட்டிய குட்டைகளை இடித்துத் தள்ள வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. உப்புநீர் நிரப்பிய குட்டைக்குப் பக்கத்து வயல் என்ன ஆகும் என்று நாகைக் கடற்கரையோரக் கிழவிகளுக்குத் தெரிந்ததை நீதிபதிகளும் ஏற்றுக்கொண்டார்கள். 2005-ல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்து, அந்தத் தீர்ப்பின் காலடியிலிருந்து தரையை உருவிக்கொண்டது. இறால் வளர்ப்பதும் ஒருவகை விவசாயம்தானாம். நெல் விளைந்த மண்ணை உப்பாக்குகிறவரும் விவசாயி, உப்பான மண்ணைப் பார்த்து அழுகிறவரும் விவசாயி. சட்டத்துக்கு இருவரும் சமம். கணக்கு வழக்கு தெரிந்தவர் கொஞ்சம் கூடுதல் சமம்.

இரண்டாவது, பிளாட். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் வரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வாருங்கள். நஞ்சையில் செம்மண் அடித்து, நான்கு பக்கமும் வண்ணக் கொடி நட்டு, நடுவில் ‘நகர்’ என்று முடியும் பெயர்ப்பலகை. நேற்று வரை சேற்றில் நின்ற வரப்பு இன்று 30 அடி ரோடு. அலுமினியம் உருக்க வராதவனைத் தடுத்த சட்டம், மண் அடிக்க லாரியோடு வந்தவனுக்கு வணக்கம் வைத்து வழிவிடுகிறது.

இனி எல்லை விவகாரம். காவிரி கரூர் வழியாக வந்து, திருச்சி முக்கொம்பில் கொள்ளிடத்தைப் பிரித்துவிட்டு, பிறகுதான் தஞ்சைக்குள் நுழைகிறது. சட்டமோ கரூரையும் திருச்சியையும் அரியலூரையும் வெளியே நிறுத்திவிட்டது. பாதுகாப்பு எந்த மதகில் தொடங்குகிறது என்று ஆற்றுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. அந்தப் பெயரைச் சட்டத்தில் சேர்க்க 2023 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்த 2023 ஒரு விசேஷமான வருடம். மார்ச் கடைசியில் ஒன்றிய நிலக்கரி அமைச்சகம் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு ஏல அறிவிப்பு வெளியிட்டது. அதில் தஞ்சை மாவட்டத்து வடசேரியும் கடலூர் மாவட்டத்து சேத்தியாத்தோப்புக் கிழக்கும் அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டியும் இருந்தன. மாநிலம் சட்டம் போட்ட விஷயம் டெல்லிக்குத் தெரியாதா, தெரிந்தும் ஒரு பொருட்டில்லையா? எண்ணெய் வயல்களும் பெருங்கனிமங்களும் டெல்லியின் அதிகாரம். வேளாண்மையும் நிலமும் மாநிலத்தின் அதிகாரம். மேல்மண் சென்னைக்கு, அடிமண் டெல்லிக்கு என்று பாகம் பிரித்துக்கொண்ட வீட்டில், நடுவில் வேர் விட்டு நிற்பது உங்கள் பயிர். முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சட்டமன்றத்தில் நானும் டெல்டாக்காரன் என்றார். ஏப்ரல் 8 அன்று மூன்று இடங்களும் ஏலத்திலிருந்து நீக்கப்பட்டதாக ஒன்றிய அமைச்சர் பிரகலாத் ஜோஷி அறிவித்தார். பட்டாசு வெடித்தது.

பட்டாசுக் குப்பையைக் கூட்டுவதற்குள், ஏப்ரல் 21 அன்று, அதே சட்டமன்றம் சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டத்தை விவாதமே இல்லாமல் நிறைவேற்றியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத இடத்தில் ஒரு சிறப்புத் திட்டம் வருகிறது, அதற்குள் ஏரியோ குளமோ வாய்க்காலோ இருக்கிறது என்றால், அந்த நிலத்தையும் சேர்த்துக் கொடுக்க வழி செய்யும் சட்டம் அது. வடசேரியைக் காப்பாற்றிய கை பதின்மூன்றே நாளில் வாய்க்காலை எழுதிக்கொடுக்கப் பேனாவைத் திறந்தது. டெல்லி கேட்டால் துரோகம், கோட்டை கேட்டால் வளர்ச்சி. ஏரிக்கு இந்த வித்தியாசம் புரியாது. இரண்டு பேரும் கொட்டுவது மண்தான்.

வெளிநாட்டிலும் இந்த வித்தை உண்டு. அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் விவசாயம் செய்யும் உரிமையைக் காக்கச் சட்டம் இருக்கிறது. நகரத்திலிருந்து வந்து பண்ணைக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு, சாணி நாற்றம் அடிக்கிறது என்று வழக்குப் போடுகிறவரிடமிருந்து விவசாயியைக் காப்பதுதான் அதன் ஆதி நோக்கம். நல்ல நோக்கம்தான். பிறகு என்ன ஆயிற்று? வட கரோலினாவில் பன்றிக் கழிவைக் குளம்போலத் தேக்கி, அதை வயலில் பீய்ச்சியடிக்கும் பெரிய நிறுவனத்தின் மீது, தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். 2018-ல் ஜூரிகள் அடுத்தடுத்து அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னதும், சட்டமன்றம் ஓடிவந்து சட்டத்தைத் திருத்தி, இனி அப்படி வழக்கே போட முடியாதபடி வாசலை அடைத்தது. விவசாயி பெயரில் வந்த சட்டம் கம்பெனியின் கவசமானது. அங்கே விவசாயியின் சட்டையைக் கம்பெனி போட்டுக்கொண்டது. இங்கே விவசாயிக்கே சட்டை தைத்துக் கொடுத்தார்கள், கைவிட வழி வைக்காமல்.

இந்தச் சட்டத்தின் கீழ் ஓர் ஆணையம் உண்டு. தலைவர் முதலமைச்சர். அந்த நாற்காலியில் அமர்கிற கட்சி எதுவோ, அதன் மனநிலைதான் உங்கள் மண்நிலை. கிராம சபைக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரத்தை எந்தப் பிரிவும் தரவில்லை. டெல்டாவில் ஹைட்ரோகார்பனுக்கு எதிராகத் தீர்மானம் போட்ட கிராம சபைகள் எத்தனையோ. குறைதீர் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச்சு இப்படித்தான் போகும்:

“அய்யா, எங்க ஊர்ல தீர்மானம் போட்டுக் குடுத்தமே, என்னாச்சுங்க?”

“மேல அனுப்பியாச்சு பெரியவரே.”

“மேலன்னா எங்கங்க?”

“மேலதான்.”

“அவங்க என்னா சொன்னாங்க?”

“அவங்களும் மேல அனுப்பியிருக்காங்க. உக்காருங்க. அடுத்தவர் பேசட்டும்.”

ஒன்றிய அரசுக்கு இந்தத் தொல்லையும் பிடிக்கவில்லை. 2020 ஜனவரி 16 அன்று, அதாவது தலைவாசல் மேடை போடுவதற்கு மூன்று வாரம் முன்பு, எண்ணெய், எரிவாயு ஆய்வுத் துளைகளுக்கு மக்கள் கருத்துக் கேட்பே தேவையில்லை என்று சுற்றுச்சூழல் அறிவிக்கையைத் திருத்திவிட்டது. கருத்து சொல்ல வருகிறவர்களைச் சமாளிப்பதைவிடக் கேட்காமலிருப்பது செலவு குறைவு.

துளை போடுகிறவருக்கு இத்தனை சலுகை. நெல் போடுகிறவருக்கு? நேரடிக் கொள்முதல் நிலையத்துக்கு வாருங்கள். சிட்டா, அடங்கல், வி.ஏ.ஓ. கையெழுத்து, ஆதார், பாஸ்புக், ஆன்லைன் பதிவு, போனுக்கு வரும் ஓ.டி.பி. எல்லாம் சரி. ரோட்டோரம் நெல்லைக் கொட்டி, படுதா போட்டு மூடி, முறை வரும்வரை அங்கேயே படுத்துக் கிடக்க வேண்டும். சாக்கு வரவில்லை என்பார்கள். சாக்கு வந்தால் லாரி வரவில்லை என்பார்கள். லாரி வரும் நாளில் மழை வரும். படுதாவின் ஓட்டை வழியே இறங்கிய தண்ணீரில் அடிநெல் சூடேறி, வெள்ளையாக முளை தள்ளியிருக்கும். பட்டியல் எழுத்தர் ஒரு பிடி அள்ளி மீட்டரில் போடுவார். 17-க்கு மேல் காட்டினால், “காயவெச்சு எடுத்துட்டு வாங்க.” எங்கே காயவைப்பது, ஐப்பசி அடைமழையில், ஈரமான ரோட்டிலா? சென்னை டெல்லிக்குக் கடிதம் போடும், ஈரப்பதத்தை 22-ஆகத் தளர்த்துங்கள் என்று. டெல்லியிலிருந்து குழு வரும். நெல்லைக் கையில் அள்ளிப் பார்க்கும், போட்டோ எடுக்கும், மாதிரியைக் கவரில் போட்டுக்கொண்டு விமானம் ஏறும். பதில் வருவதற்குள் முளைத்த நெல்லை வாத்து மேய்ப்பவர் வந்து விலை கேட்டுவிட்டுப் போவார்.

மீட்டருக்கும் ஒரு மனசு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 40 கிலோ சிப்பத்துக்கு இவ்வளவு என்று வெட்ட வேண்டியதை வெட்டினால் நெல் தானாகவே காய்ந்துவிடுகிறது என்று டெல்டாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சூரியனால் ஆகாததைச் சில்லறை செய்கிறது.

தன் வயலுக்கு ஏரி வண்டல் ஒரு டிராக்டர் அள்ள வேண்டுமென்றால் தாசில்தாரிடம் மனு, சிட்டா நகல், அனுமதி. கொள்ளிடத்து மணலை இரவெல்லாம் ஏற்றிப்போன லாரிகளுக்கோ அணைக்கரைப் பாலமே விலகி வழிவிட்டது. சட்டம் எல்லோருக்கும் பொது. எடை குறைந்தவன் மேல்தான் அது முழுசாக உட்காரும்.

தண்ணீரைப் பற்றிக் கேட்காதீர்கள். உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று எழுதியது. 2023-ல் ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறந்தார்கள். ஆற்றை நம்பிக் குறுவை போட்டவர்கள் ஆகஸ்ட், செப்டம்பரில் வெடித்துக் கிடந்த வயலில் மாட்டை அவிழ்த்துவிட்டார்கள். கடைமடைக்குத் தண்ணீர் தர வேண்டும் என்று பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு வரி இல்லை. தண்ணீர் இல்லாத நெல் வயலைத் தாமிர உருக்காலையிடமிருந்து மட்டும் பத்திரமாகக் காத்துத் தருவார்கள்.

கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர் பெயர் அடங்கலில் ஏறவில்லை என்றால் கடனும் இல்லை, பயிர்க் காப்பீடும் இல்லை. நாற்றுப் பறிக்கும் பெண்ணுக்கு இந்த மண்டலத்தில் என்ன மேம்பாடு என்று கேட்டால் ஆணையம் கொட்டாவி விடும். இந்த மண் பாதுகாப்புச் சட்டங்களுக்குப் புதியதில்லை. 1952-ல் ராஜாஜி அரசு தஞ்சைப் பண்ணையாள்களுக்கென்றே பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. பண்ணையாளாக இருந்தால்தானே பாதுகாப்பு என்று அவர்களைக் கணக்கிலிருந்து எடுத்து அன்றாடக் கூலியாக்கிய மிராசுதார்களும் உண்டு. அதற்குப் பதினாறு வருடம் கழித்துக் கீழவெண்மணியில், கூடுதல் கூலி கேட்டவர்களின் குடும்பங்களில் 44 பேர் ஒரே இரவில் எரிந்து செத்தார்கள். மேலே இருக்கிறவன் இரக்கப்பட்டுக் கொடுக்கும் பாதுகாப்பு எதுவரைக்கும் தாங்கும் என்று இந்த மண் பார்த்துவிட்டது.

ஆகவே, பட்டியலில் இன்னும் நான்கு தொழிலைச் சேருங்கள், திருச்சியையும் கரூரையும் அரியலூரையும் உள்ளே இழுங்கள் என்று மனு எழுதிக்கொண்டிருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சேர்க்கிற கையே நாளைக்கு விலக்கும் எழுதும். அடுத்த சட்டத்தை எழுத உட்காரும் கனவான்களுக்கு முதல் பிரிவை நானே சொல்லித்தருகிறேன்: இந்த மண்ணில் எந்தத் திட்டம் வந்தாலும், உழுகிறவரும் நடுகிறவரும் உட்கார்ந்திருக்கும் கிராம சபை வேண்டாம் என்றால், வேண்டாம்தான். அதை மேலே அனுப்ப மேலே யாரும் இல்லை.

இதை எழுத உங்களுக்குக் கை வரவில்லை என்றால், தயவுசெய்து ‘பாதுகாக்கப்பட்ட’ போர்டுகளைக் கழற்றிக்கொண்டு போய்விடுங்கள். கொள்ளையடிக்க வருகிறவனோடு நாங்கள் நேருக்கு நேர் மல்லுக்கட்டிக்கொள்கிறோம். நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் அப்படித்தான் கட்டினோம். அப்போது எங்கள் பின்னாலிருந்து தடியால் அடித்தது யார் என்பதையும் நாங்கள் மறக்கவில்லை.